ஊதிவிட்டு உள்ளே வா

அந்த வீட்டுக்குள் வெளியிலிருந்து வருகிற யாரும் ஊதிக் காட்டாமல் நுழைய முடியாது. செருப்பைக் கழற்றி, நிலைப்படிக்கு வெளியே நின்று, அவள் முகத்துக்கு நேராக ஒருமுறை ஊத வேண்டும். சட்டம் அவள் போட்டதல்ல. குடியை விட்டுவிட்டு வீடு திரும்பிய நாளில் கணவனே சொன்னது. "சத்தியமெல்லாம் வேணாம். சத்தியம் நிறையப் பண்ணியாச்சு. தினமும் ஊதுறேன், நீயே மோந்து பாத்துக்க."

சட்டத்தின் இன்னொரு பாதியை அவள் சேர்த்தாள். ஒரு நாள் வாசனை வந்தாலும் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். அதன் பிறகு பேச்சு கிடையாது. இதை அவள் ஒரே ஒருமுறைதான் சொன்னாள். அவனும் ஒரே ஒருமுறைதான் தலையாட்டினான்.

மகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் படியில் நின்று கன்னம் புடைக்க ஊதுவாள். "பென்சிலைக் கடிச்சிருக்க" என்றோ "அடுத்தவ டப்பாவுல கை வெச்சிருக்க" என்றோ அம்மா தீர்ப்புச் சொல்ல வேண்டும், அப்போதுதான் உள்ளே வருவாள். ஊத வேண்டியதில்லாத ஒரே ஆள் அம்மாதான். எப்போதும் முதலில் வீடு வந்து சேர்கிறவள் அவள். கணவன் அவளை இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிடுவான். அவளுக்கு அது பிடிக்காது என்று சொல்ல முடியாது.

அவளுக்கும் கணவனுக்கும் அவள் அண்ணனுக்கும் வேலை ஒரே இடத்தில். விமான நிலையத்தை ஒட்டிய விடுதி. வரவேற்பு மேசையில் அவள். கீழே ஸ்டோரில் அவள் அண்ணன். கூடத்தின் மறுகோடியில் இருக்கும் பாரில் கணவன். விமானம் ஏற வருகிறவர்களுக்குப் பகல் இரவு தெரியாது என்பதால் பார் காலையிலேயே திறந்துவிடும். அவன் பகல் முறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தான். வெளிச்சத்தில் வேலை செய்கிறவனுக்குச் சபலம் குறைவு என்பது அவன் கணக்கு. வேலைக்குச் சிபாரிசு செய்தது அண்ணன். செய்த நாளிலிருந்து அவருக்கு ஒரே புலம்பல்தான். "பாலுக்குப் பூனையைக் காவல் வெச்சுட்டேனே" என்பார், மாப்பிள்ளை காதில் விழும்படியே.

அவன் எதையும் ருசி பார்ப்பதில்லை. பழைய காக்டெயில்கள் எல்லாம் கைக்குத் தெரியும். ஷேக்கரை எவ்வளவு நேரம் குலுக்க வேண்டும் என்பது, அது உள்ளங்கையைச் சுடுவது போலக் குளிர்கிற கணத்தில் தெரிந்துவிடும். நாக்கு தேவைப்படவில்லை, அந்த ஜின் வரும் வரைக்கும்.

ஜப்பானிலிருந்து வந்த கிரீன் டீ ஜின். சரக்கு விநியோகிக்கிறவர் மாதிரிக்கு ஒரே ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கனத்த கண்ணாடி. உள்ளே, தண்ணீரில் ஒரு தளிரை நனைத்து எடுத்த மாதிரி, பச்சை என்று உறுதியாகச் சொல்ல முடியாத பச்சை. லேபிளில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துகள். ஒவ்வொன்றும் கூரை போட்ட சின்ன வீடு போல இருந்தது. சில வீடுகளுக்கு ஜன்னல்கூட இருந்தது. மேசையில் ஆள் இல்லாத வேளைகளில் அவள் போய் அந்த வீடுகளைப் பார்த்துவிட்டு வருவாள்.

விடுதியின் முதலாளியம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னார்: "இதுல புதுசா ஏதாவது பண்ணிக் காட்டு. நல்லா வந்தா மெனுவுல போடலாம். வரலன்னா வேற பாக்கலாம்."

வேற ஜின்னா, வேற ஆளா என்று அவன் அன்று சாயங்காலம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரத்திலேயே அவன் மூச்சு மாறியது.

படியில் நின்று ஊதினான். அவளுக்கு முதலில் மழைக்குப் பிறகு வெட்டிய புல் ஞாபகம் வந்தது. அதன் அடியில் லேசான கசப்பு. "என்ன குடிச்சீங்க?" என்றாள்.

"டீ. கிரீன் டீ."

"உங்களுக்குத்தான் டீயே ஆகாதே. காப்பி இல்லன்னா தலைவலி வரும்னு சொல்ற ஆளு."

"வேலைக்காகக் குடிக்கிறேன்" என்றான். செருப்பை நேராக அடுக்கி வைத்தான். அவன் செருப்பை நேராக அடுக்குகிறவன் அல்ல.

மறுநாளும் டீ. அதற்கு மறுநாளும். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் அதை நினைத்துப் பார்த்தாள். விஸ்கி என்றால் கதவைத் திறக்கும் முன்பே தெரியும். ரம் என்றால் சட்டையில் தெரியும். ஆனால் டீ வாசனை அடிக்கிற சாராயத்தைக் குடித்தவன் வாயில் என்ன வாசனை அடிக்கும்? டீ வாசனைதான் அடிக்கும். உலகத்தில் இத்தனை ஜின் இருக்க, ஊதிக் காட்டும் வீட்டுக்காகவே யாரோ கடல் கடந்து இதைச் செய்து அனுப்பியது போல அவளுக்குப் பட்டது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனே வந்து சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் நின்று, சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டே, ஜப்பான் பாட்டில் ரெண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது என்றார். மெனுவில் இல்லாத சரக்கு, எந்த வாடிக்கையாளருக்கும் ஊற்றியதில்லை. "காத்துல ஆவியாப் போச்சுன்னு சொல்லுவான் பாரு" என்றார். அப்படியே இருக்கட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் கெஞ்சி அனுப்பினாள்.

பார்த்தும் விட்டாள். மதியம், கூடம் காலியாகக் கிடந்த நேரம். பாரின் அரைக்கதவுக்கு மேலே அவன் முதுகு தெரிந்தது. பாட்டிலை எடுத்தான். மூடியைத் திருகினான். இடமும் வலமும் பார்த்தான், பின்னால் மட்டும் பார்க்கவில்லை. குழித்த கையில் எதையோ சாய்த்தான். இரண்டு கைகளையும் முகத்துக்குக் கொண்டுபோனான். தலை குனிந்தது. தோள்கள் மெல்ல உயர்ந்து, நெடுநேரம் அப்படியே நின்று, தாழ்ந்தன. குழாயடியில் தாகத்தோடு தண்ணீர் குடிக்கிறவனின் முதுகு. பிறகு கைகளைத் துண்டில் துடைத்தான்.

அவள் சத்தமில்லாமல் மேசைக்குத் திரும்பி, ஒரு பயணிக்குத் தவறான அறையின் சாவியைக் கொடுத்தாள்.

அப்போதே போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் முதுகை வைத்து ஒரு குடும்பத்தைப் பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணால் கண்டதும் பொய் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க நினைத்தாள். அப்படித்தான் அந்த யோசனை வந்தது. பாட்டிலில் இருக்கிற ஜின்னை எடுத்துவிட்டு அதே நிறத்தில் டீயை ஊற்றி வைப்பது. ரகசியமாகக் குடிக்கிறவன் என்றால் முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும். வெளியில் சொல்லவும் முடியாது. முகமே காட்டிக் கொடுத்துவிடும். குடிக்காதவன் என்றால் அவனுக்குத் தெரியவே வழியில்லை. முதலாளியம்மாவுக்குச் செய்து காட்டும் நேரத்துக்குள் பழையபடி மாற்றி வைத்துவிட்டால் போதும்.

மறுநாள் காலை அவனுக்கு முன்பே விடுதிக்கு வந்தாள். பார் அலமாரியில் ஒரு டப்பா கிரீன் டீ உண்மையிலேயே இருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்சம் நிம்மதியும், இதையும் முன்யோசனையோடு வாங்கி வைத்திருக்கிறானே என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது. வெந்நீர்க் கெட்டிலில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஊற்றினாள். பச்சை, பழுப்பாகிவிட்டது. தண்ணீர் விட்டு விட்டு வெளிறச் செய்தாள். ஜின் அவளுடைய தண்ணீர்க் குடுவைக்குப் போனது. டீ பாட்டிலுக்குள் போனது, அதே அளவுக்கு. குடுவையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

பிறகு காத்திருந்தாள்.

அவனுக்கு முன்னால் வந்தது அண்ணன்தான். மூச்சு வாங்க, கூடத்தைக் கடந்து ஓடி வந்திருந்தார். "இப்ப நான் சொன்னா நம்புவியா? பார்ல பனிக்கட்டி மெஷினப் பாக்கப் போனேன். பாட்டிலத் தூக்கி நேரா வாயில வெச்சான். என் ரெண்டு கண்ணால பாத்தேன். முதலாளியம்மாகிட்டச் சொல்லிட்டேன், இதுக்கு மேல மூடி மறைச்சா என் தலையும் சேந்து உருளும்."

அவள் எழுந்தாள். வாயில் வைத்தது டீ என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அது டீ என்று நினைத்தா அவன் வாயில் வைத்தான்? வீட்டில் மகளின் துணிகள் எந்தப் பெட்டியில் அடங்கும் என்று மனம் அதுபாட்டுக்கு அளந்துகொண்டிருந்தது.

பாரில் முதலாளியம்மா உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவன் பலகையில் பாதி நறுக்கிய வெள்ளரிக்காய்க்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். உடனே பார்வையை வெள்ளரிக்காய்க்குத் திருப்பிக்கொண்டான்.

முதலாளியம்மா ஒரு கண்ணாடிக் குவளையில் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றினார். மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். குவளையைக் கீழே வைத்தார்.

"இது வெறும் டீ" என்றார்.

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"குடிச்சத மன்னிச்சுடலாம்ப்பா. மனுஷன்னா சறுக்குவான். குடிச்சத மறைக்க டீயை ஊத்தி நிரப்பி வெச்சிருக்க பாரு, அத எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றார் முதலாளியம்மா.

அவன் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. வெள்ளரியின் தோல் ஒன்றை விரலால் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அவள் வைத்த பொறி இப்படி வாய் திறக்கும் என்று அவள் எண்ணவில்லை. பேசாமல் நின்றால் எல்லாம் தானாக முடிந்துவிடும். வேலை போகும், சட்டப்படி அவள் அண்ணன் வீட்டுக்குப் போவாள், யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அவன் குடித்தானா இல்லையா என்பது இந்த நிமிஷம்கூட அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். இந்த டீயை அவன் ஊற்றவில்லை.

"டீயை ஊத்துனது நான்" என்றாள்.

மேசைக்குப் போய்க் குடுவையைக் கொண்டுவந்து வைத்தாள். காலையில் செய்ததைச் சொன்னாள். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னாள். முதுகைப் பார்த்தது, கைகளைப் பார்த்தது, ஊதும்போது வரும் வாசனை, எல்லாவற்றையும், அவன் எதிரிலேயே. சொல்லி முடித்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அண்ணன்தான் முதலில் மீண்டார். "அது சரிம்மா. டீன்னு உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா? அவன் ஜின்னுன்னு நினைச்சுத்தானே தூக்கினான்?"

"டீன்னு தெரிஞ்சுதான் தூக்கினேன் மச்சான்" என்றான் அவன்.

"வாயில வைக்காமயே எப்படித் தெரியும்?"

அவன் குடுவையைத் திறந்தான். இடது உள்ளங்கையில் சில சொட்டு ஜின்னைச் சாய்த்து, இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்தான். கைகளைக் கிண்ணமாகக் குவித்து முகத்துக்கு அருகே கொண்டுபோய், தலை குனிந்து, ஆழமாக மூச்சை இழுத்தான். தோள்கள் உயர்ந்தன. அவளுக்கு அந்த முதுகு தெரியும். இப்போது முன்பக்கத்தைப் பார்த்தாள். உதடுகள் இறுக மூடியிருந்தன.

"குடிக்காதவன் புது ஜின்ன வேற எப்படித் தெரிஞ்சுக்கிறது? கையில தேச்சா சாராயம் பறந்துடும். உள்ள இருக்கிற வாசனை மட்டும் நிக்கும்." கைகளை விரித்துக் காட்டினான். காய்ந்திருந்தன. "இன்னைக்கும் அப்படித்தான் தேச்சேன். கை காயல. ஈரம் ஈரமாவே நின்னுச்சு. சரி, இதுல சாராயமே இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் என்னதான் இருக்குன்னு ஒரு மடக்குக் குடிச்சுப் பாத்தேன்."

"யார் ஊத்துனதுன்னு தெரிஞ்சுதா?" என்றார் முதலாளியம்மா.

"தெரிஞ்சுது. இந்த இலைக்குக் கொதிக்கிற தண்ணி ஆகாது, கசந்துடும். இது கொதிக்கக் கொதிக்க ஊத்தி, கசந்ததும் பயந்துபோய்த் தண்ணி விட்டு வெளுக்க வெச்ச டீ." அவன் அவளைப் பார்க்காமலே சொன்னான். "எங்க வீட்டு டீ."

முதலாளியம்மா சிரிக்கவில்லை. அவரும் சந்தேகத்தில் ஊறியவர்தான். முப்பது அறைக்குத் துண்டு எண்ணுகிறவர். கையை நீட்டினார். அவன் சில சொட்டு ஊற்றினான். தேய்த்தார், மோந்தார், காத்திருந்து மறுபடி மோந்தார். பாட்டிலிலிருந்து டீயை இன்னொரு கையில் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார். அது ஈரமாகவே இருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு விரற்கடையும் கையிலயா போச்சு?"

"ஆமாம்மா. ஒரு தடவைல வாசனை பிடிபடாது. முதல்ல எலுமிச்சைத் தோல் வரும். அப்புறம் மரம். டீ கடைசியிலதான் வரும். அதுவும் வந்துட்டு ஓடிடும்."

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "எங்க வீட்ல ஏற்கனவே மூச்சத்தான் பாக்குறாங்க. கையையும் காட்டணுமான்னு இருந்துச்சு."

அந்த வார்த்தை யாருக்கு என்று அவளுக்குத் தெரிந்தது. குடுவையின் மூடியை எடுத்து பார் மேடையில் வட்டமாக உருட்டிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவன் வேலையைத் தொடங்கினான். கொதித்து ஆறிய நீரில், கை பொறுக்கும் சூட்டில், இலையை ஊறப் போட்டான். அதைத்தான் இத்தனை நாளும் தினமும் குடித்துக்கொண்டிருந்தான்: தேனும் எலுமிச்சையும் வெள்ளரிச் சாறும் மாற்றி மாற்றிச் சேர்த்து, ஜின் மட்டும் இல்லாத காக்டெயில்களை. ஜின் எங்கே வந்து உட்காரும் என்பதைக் கையின் வாசனையிலிருந்து கணக்குப் போட்டிருந்தான். ஷேக்கரில் பனிக்கட்டி சலசலத்தது. உலோகத்தின் மேல் வெண்பனி படர்ந்ததும் நிறுத்தி, வடிகட்டி, மேலே வெள்ளரியின் ஒரு மெல்லிய சுருளை மிதக்கவிட்டான்.

முதலாளியம்மா பாதிக் குவளையைக் குடித்தார். பிறகு, தேனைக் கொஞ்சம் குறை என்றார். வேற ஆள் பார்க்க வேண்டியதில்லை என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். அண்ணன், சாட்சி சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது என்று தனக்கும் ஒன்று கேட்டார். "உங்களுக்கு டீ இருக்கு மச்சான்" என்று அவன் பாட்டிலைக் காட்டினான்.

அவளுக்குத் தண்டனை கிடைத்தது. மாற்று ஆள் வரும் வரை மேசையை விட்டு நகரக் கூடாது. வீட்டுக்குக் கிளம்பும் முன் பாட்டிலைக் காலி செய்து, அலசி, ஜின்னைப் பழையபடி நிரப்பி வைக்க வேண்டும். அவன் சாயங்காலம் கிளம்பும்போது மேசைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றான். பாப்பாவை இன்னைக்கு நான் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன் என்று மட்டும் சொன்னான்.

மாற்று ஆள் வந்து, கூடம் அடங்கியதும் அவள் பாருக்குள் போனாள். பாட்டிலைத் தொட்டியில் கவிழ்க்கக் கை வரவில்லை. ஒரு குவளையில் ஊற்றினாள். அவள் போட்ட டீ. குடித்தாள். நாக்கின் பின்பக்கத்தில் கசந்தது. குவளை குவளையாக முழுவதையும் குடித்து முடித்தாள். பிறகு பாட்டிலை அலசி, புனல் வைத்து ஜின்னை ஊற்றும்போது சில சொட்டு விரல்களில் வழிந்தது. தேய்த்து மோந்து பார்த்தாள். எலுமிச்சைத் தோல் வந்தது. மரம் வந்தது. டீ வரும் வரை நின்றுகொண்டிருந்தாள். லேபிளில் அந்தச் சின்ன வீடுகள் வரிசையாக நின்றன. எதிலும் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றி, வழக்கம்போல உள்ளே காலெடுத்து வைத்தாள்.

"ஊதல" என்றாள் மகள், நிலைப்படியில் இரண்டு கைகளையும் குறுக்கே விரித்து. "வெளியேருந்து வர்றவங்க ஊதணும்."

அவன் மகளுக்குப் பின்னால் வந்து நின்றான். விலகச் சொல்லவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு, மகளின் தோள் உயரத்துக்குக் குனிந்தான்.

அவள் காலைப் பின்னுக்கு எடுத்து, வெளியே நின்று, இரண்டு முகங்களுக்கும் நேராக ஊதினாள்.

"புல்லு வாசனை" என்றாள் மகள்.

அவன் மூக்கு லேசாக விரிந்தது. எலுமிச்சையும் மரமும் அவள் விரல்களிலிருந்து வந்தனவா, மூச்சிலிருந்து வந்தனவா என்று அவனால் சொல்லியிருக்க முடியாது.

"என்ன குடிச்ச?" என்றான்.

"டீதாங்க."

அவன் அவள் முகத்தில் எதையோ தேடினான். இத்தனை நாளும் அதே படியில் அவனைத் தேடிய தன் கண்களையே அவள் இப்போது எதிரிலிருந்து பார்த்தாள். உள்ளே போகலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் அவள் தன் செருப்பை நேராக அடுக்கி வைத்தாள்.